கோப்பிக் கட்சி

சண்டை தொடங்கியது தேத்தண்ணியில்.
ஏகாம்பரம் வீதி மேல்மாடி, நாலு பேர், ஒரு மின்விசிறி.
"ஸ்டீம்பங்க் என்றால் விக்டோரியா காலம்.
விக்டோரியா காலம் என்றால் தேயிலை" என்றான் யதுகுலன்,
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி.
பீங்கான் கோப்பை, உயரத் தொப்பி, ஆகாயக் கப்பல்,
சின்னவிரலை நீட்டிக் குடிக்கிற சீமாட்டி
எல்லாம் அவன் படத்தில் பார்த்தவன்.
கோப்பி இதில் ஒட்டாதாம்.
அது கணினிக்காரர் குடிப்பதாம்.

பஸ்மியா விடவில்லை:
"தேத்தண்ணிக்குக் கேத்தில் காணும்.
அமுக்கம், வால்வு, சீறுகிற குழாய்
எதுக்கடா வேணும்? சொல்லு."

எனக்குக் கட்சி இல்லை.
திருக்கடலூரில் படகு எஞ்சின் திருத்துகிறவள் நான்.
கேட்டார்கள், செய்தேன்.
செம்புக் குழாய் ஒரு றோலரில் கழற்றியது.
அமுக்கமானி, மூடிப்போன ஐஸ் ஃபெக்டரி ஏலத்தில்.
பித்தளை மூடி, என் கல்யாணக் குத்துவிளக்கின் அடித்தட்டு
(கல்யாணமே கழன்றுவிட்டது, விளக்குக்கென்ன).
முகப்புத் தகரத்தில்
டெஸ்மன் ஒரு மணிக்கூடு பூட்டினான். ஓடாது.
ஏன் என்று கேட்டேன்.
ஸ்டைல் என்றான்.

அன்றிரவு பற்றவைக்கும்போது யோசித்தேன்:
இந்தத் தீவுக்குத் தண்டவாளம் வந்தது
தேயிலைக்காக இல்லையே.
மலையில் இருந்து கோப்பி மூட்டை இறங்கத்தான்
கோச்சி ஏறியது.
அதற்கும் முன்னால்
மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழி நடந்து,
பாதிப்பேர் வாந்திபேதியில் விழ
மீதிப்பேர் நட்டார்கள்.
பிறகு இலைக்கு அடியில் மஞ்சள் பொடி.
துரு என்று பெயர் வைத்தார்கள் அந்த நோய்க்கு.
இரும்புக்கு வருவது செடிக்கு வந்தது.

நாங்களோ காசு கொடுத்துப் பெயின்ற் வாங்கி
துரு மாதிரி அடிக்கிறோம்.
அது சும்மா வந்து ஒரு மலையைத் தின்றிருக்கு.

ஞாயிறு, படம் எடுக்கச் சீனன்குடா போனோம்.
காட்டுக்குள் வெள்ளைக்காரன் விட்டுப்போன
எண்ணெய்த் தாங்கிகள்,
கொடி ஏறிய இரும்பு வயிறுகள்.
வழியில் மரத்தடியில் ஒரு கடற்படைப் பையன்.
சண்டை முடிந்தபோது அவன் முதலாம் வகுப்பில் இருந்திருப்பான்.

என் மடியில் குழாய், வயர், அமுக்கமானி, மணிக்கூடு.

இந்த ஊரில்
குழாயோடு மணிக்கூடு கட்டுவதற்கு
வேறு பெயர் இருந்தது.
நாலு பேருக்கும் அது ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.
யதுகுலன் கண்ணாடியைக் கழற்றினான்.
பஸ்மியா அடையாள அட்டையைத் தேடத் தொடங்கினாள்.

"மே மொகக்த?"
ஸ்டீம்பங்குக்குச் சிங்களம் என்ன?
தமிழே எனக்குத் தெரியாது.
வாயில் வந்தது ஒரு சொல்தான்:
"கோப்பி."
நல்லகாலம், இரண்டு பாஷையிலும் அது கோப்பி.

செய்துகாட்டச் சொன்னான்.
நாலடி தள்ளி நின்றான், கை துவக்கில்.
ஸ்பிரிட் அடுப்பு நீலமாய்ப் பிடித்தது.
முள் ஏறியது, நடுங்கியது, இன்னும் ஏறியது.
வால்வு சீறியபோது
அவனும் குனிந்தான், நாங்களும் குனிந்தோம்.
இயந்திரம் மட்டும் நிமிர்ந்து நின்று
கறுப்பு நூலாய் ஒழுகியது.

அவன் குடிக்கவில்லை. டியூட்டி.
மணிக்கூட்டைக் கழற்று என்றான்.
"ஓடாது சேர், பாருங்க, முள்ளு அசையாது."
பரவாயில்லை, கழற்று.
சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.
கோப்பியைத் தடுக்கவில்லை.
படம் எடுக்க விடவும் இல்லை.

மட்கோவில் ஓட்டோவை நிறுத்தி
ஆறிப்போனதைப் பங்கிட்டுக் குடித்தோம்.
கொஞ்சம் செம்பு, கொஞ்சம் மீன்நெய்,
மிச்சம் எல்லாம் கசப்பு.
யதுகுலன் இன்னும் தேயிலைக் கட்சிதான்,
இரண்டாம் தரமும் கோப்பையை நீட்டினான்.

இப்போது முகப்புத் தகரத்தில் நாலு திருகாணி ஓட்டை.
அடைக்கச் சொல்கிறான் டெஸ்மன்.
நான் தொடவில்லை.
உப்புக்காற்றில் ஓட்டைகளைச் சுற்றி
மஞ்சளாய் ஒன்று தொடங்கியிருக்கு.
பெயின்ற் இல்லை.